பெல்ட்டுக்கு மேலே

பஸ் ஓட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. சாவியைப் போட்டதும் கிளம்பிவிடுகிற ரகம் ஒன்று. வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, டயரை உதைத்துப் பார்த்து, கண்ணாடிகளைத் துடைத்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, அப்புறம்தான் பெல்ட்டைப் போடுகிற ரகம் இன்னொன்று. நம் டிரைவரம்மா இரண்டாவது ரகம். டிப்போவில் இதற்காக அவளைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. மாப்பிள்ளை பார்க்கும்போதும் இப்படித்தான் சுற்றிவந்து பார்த்தாயா என்று கேட்பார்கள். ஆமாம், அதனால்தான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அப்பேர்ப்பட்டவள் தன் வயிற்றை மட்டும் சுற்றிவந்து பார்க்காமல் கோட்டைவிட்டாள். வயிறு உப்பிக்கொண்டே வந்ததை, உட்கார்ந்த வேலைக்கு வருகிற தொப்பை என்று நினைத்துக்கொண்டாள். சாப்பிட்டது செரிக்கவில்லை என்றால் மாத்திரை. பெல்ட் பிடித்தால் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது. கடைசியில் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்க ஆரம்பித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சினைப்பையில் புற்று என்றார்கள், வயிற்றுக்குள் பரவியிருக்கிறது என்றார்கள். முதலில் மருந்தை ஏற்றிக் கட்டியைச் சுருக்கினார்கள். முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது, ஆனால் கட்டி சொன்னபேச்சுக் கேட்டுச் சுருங்கியது. அடுத்தது ஆபரேஷன்.

பெரிய டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பையும் இரண்டு சினைப்பைகளும் போகும். குடலுக்கு முன்னால் திரை மாதிரி தொங்குகிற கொழுப்பும் போகும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றாலும் அநேகமாக அந்தத் துண்டையும் எடுக்க வேண்டிவரும். எடுத்தால், மிச்சக் குடலின் நுனியை இடதுபக்க வயிற்றில் ஒரு ஓட்டை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். மலம் அங்கே ஒட்டியிருக்கும் பையில் வந்து விழும். பிற்பாடு குடலைத் திரும்ப இணைக்க முடியலாம், முடியாமலும் போகலாம்.

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மனிதர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்டின் சத்தம் சரியில்லை என்று வந்த நாளிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு அதையும் மறந்துபோனார். அவருடைய அக்கா, அதாவது டிரைவரம்மாவின் நாத்தனார், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவரம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பை வெச்சிக்கிட்டு பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

"எல்லாரும் முதல்ல பிழைப்பேனான்னுதான் கேப்பாங்க."

"அதுக்கு நீங்க இருக்கீங்க. பஸ்ஸுக்கு நான்தானே இருக்கேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு தேறியதும் ஓட்டலாம் என்றார், ஆனால் சீட் பெல்ட் பையின் மேல் அழுத்தக் கூடாது. அழுத்தினால் மலம் வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும், பை கசியும், சுற்றியிருக்கும் தோல் புண்ணாகும். பெல்ட் போடாமல் ஓட்டலாம் என்றால் டிப்போ விடாது. ஆக, அந்த ஓட்டை எங்கே அமைகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஒரு உள்ளங்கை இடத்துக்குள் அவள் வேலை போவதும் நிலைப்பதும் இருந்தது.

நாத்தனாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்துத் தெருவில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். கறை என்று ஒன்று அவள் கைக்கு வந்துவிட்டால் அதை ஒழித்துக்கட்டாமல் தூங்கமாட்டாள். டீக் கறை, கிரீஸ் கறை, இங்க் கறை, துரு, ரத்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. கடைக்கு வரும் துணி மாறிப்போகாமல் இருக்கக் காலருக்குள்ளே குறி போடுவதற்கு ஒரு பேனா எப்போதும் பையில் இருக்கும். அந்த மை மட்டும்தான் அவளுக்கே அடங்காத மை என்று பெருமையாகச் சொல்வாள். தம்பி பெண்டாட்டி மேல் உயிர். அதை வெளியே காட்டினால் குடிமுழுகிப்போகும் என்பதுபோல் எப்போதும் திட்டிக்கொண்டே இருப்பாள். இத்தனை வருஷத்தில் டிரைவரம்மாவின் பஸ்ஸில் அவள் ஒருதரம்கூட ஏறியதில்லை. நம் வீட்டு ஆள் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் கையும் காலும் வெலவெலத்துவிடும், ரோட்டையே பார்த்துச் சாகவேண்டும் என்பாள். கடை வாசலில் பஸ் போனால் தலையை நிமிர்த்தாமல் இஸ்திரி போடுவாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு நர்ஸ் வந்தார். வார்டில் அவருக்குப் பெயரே பை சிஸ்டர்தான். வயிற்றில் பை வைப்பவர்களுக்கு இடம் குறிப்பதும், பிறகு பையைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. பல ஆஸ்பத்திரிகளுக்கு அவர் ஒருவர்தான், அதனால் இங்கே தினமும் வரமாட்டார். படுக்கச் சொன்னார், நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். குனிந்தால் தோல் மடியும் இடத்தில் பை ஒட்டாது என்றார். எலும்பு பக்கமும் ஒட்டாது, தொப்புள் பக்கமும் ஒட்டாது. அதோடு, இருக்கும் இடம் நோயாளியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் தானாக மாட்ட முடியாது.

"வேலை என்னம்மா?"

"பஸ் ஓட்டறேன்."

பை சிஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஓட்டிக் காட்டுங்கள் என்றார்.

டிரைவரம்மா இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். பை சிஸ்டர் அகலமான பேண்டேஜ் துணியை எடுத்து அவள் இடுப்பில் பெல்ட் போலச் சுற்றிக் கட்டினார். வண்டி கிளம்பியது. டிப்போ வாசலில் இடப்பக்கம் ஒடித்தாள், கதவைத் திறக்கும் பட்டனுக்கு எட்டினாள், தூரத்துக் கண்ணாடியைப் பார்க்க முன்னால் சாய்ந்தாள், மார்க்கெட் வளைவில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துத் திருப்பினாள். பக்கத்துக் கட்டில்காரி நான் ரெயில்வே ஸ்டேஷனில் இறங்கணும் என்றாள். ஸ்டாப் வந்தால் சொல்கிறேன் என்றாள் இவள். வார்டே சிரித்தது. பை சிஸ்டர் மட்டும் சிரிக்காமல் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தொப்புளுக்குக் கீழே வைப்போம், நீங்கள் நாள் பூரா உட்கார்ந்தே இருக்கிற ஆள், கீழே வைத்தால் பெல்ட் நேராக அதன் தலையிலேயே உட்காரும், அதனால் மேலே என்றார். விலாவுக்கும் மடிப்புக்கும் நடுவில், பெல்ட்டுக்கு நன்றாக மேலே, ஊதா மையில் ஒரு வட்டம் போட்டார். அதன்மேல் கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளை ஒட்டி, இனி குளிக்கலாம், போகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகாது என்று அவர் சொன்னபோது நாத்தனார் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. அந்த வட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலை மருந்துச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். குடலைச் சுத்தம் செய்ய மருந்து குடித்ததில் டிரைவரம்மாவுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. நாத்தனார் ஸ்டூலில் உட்காரவைத்துத் தேய்த்துவிட்டாள். கண்ணில் சோப்பு போகும், மூடிக்கொள் என்றாள். மூடிக்கொண்டாள். வயிற்றில் ஏதோ சில்லென்று பட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் இதெல்லாம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நாத்தனார் அன்றைக்குத் திட்டவே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் ஒரு சின்ன அறை. தள்ளுவண்டியில் படுக்கவைத்து அங்கே கொண்டுவந்து விட்டார்கள். டிரைவரம்மா பழக்கதோஷத்தில் கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒருதரம் சரிபார்த்தாள். கையில் பெயர் எழுதிக் கட்டிய பட்டை இருக்கிறது. ஊசி குத்திய இடம் சரியாக இருக்கிறது. கவுனைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். வட்டம் இல்லை. ஒட்டுத்தாளும் இல்லை. தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன தோல்தான் இருந்தது, ஊதாவின் சாயல்கூட இல்லை.

உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இவ்வளவு சுத்தமாக எடுக்க முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

கேஸ் ஷீட்டில் குறி போட்டாச்சு என்று மட்டும்தான் இருந்தது. எங்கே என்பது வயிற்றில்தானே இருந்தது. பை சிஸ்டருக்குப் போன் போட்டார்கள். வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் வேலையாக இருந்தார் போல, எடுக்கவில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கவலைப்படாதீர்கள், இது எங்களுக்கும் தெரிந்த வேலைதான் என்று சொல்லி, படுத்திருந்தவளின் தொப்புளுக்குக் கீழே இடதுபக்கம் விரலை வைத்தார். வழக்கமாக வைக்கும் அதே இடம்.

டிரைவரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். படுங்கள் என்றார்கள். படுக்கமாட்டேன் என்றாள். மயக்கம் கொடுக்கிறவர் காத்திருக்கிறார் என்றார்கள். அவருக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லுங்கள் என்றாள். மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை, ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. படுத்தால் ஒரு வயிறு, உட்கார்ந்தால் இன்னொரு வயிறு, நான் உட்கார்ந்துதான் பிழைக்கிறேன், உட்கார்ந்த வயிற்றில் குறி போடுங்கள் என்றாள். டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். நல்ல மனிதர், நேரமாகிறது என்று கடிகாரத்தைக் காட்டுகிற ஜாதி இல்லை. சரி, உட்கார்ந்தே பார்ப்போம் என்றார். என் நாத்தனாரைக் கூப்பிடுங்கள், அவர்களுக்குத்தான் இடம் தெரியும் என்றாள் இவள்.

நாத்தனாருக்குத் தொப்பியும் அங்கியும் மாட்டி உள்ளே கூட்டிவந்தார்கள். தலைகுனிந்து வந்தாள்.

"எடுத்துட்டீங்களா அண்ணி?"

நாத்தனார் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏன் அண்ணி?"

"குறி இருந்தாத்தானே அங்க ஓட்டை போடுவாங்க." என்றாள் நாத்தனார். "இல்லைன்னா வேண்டாம்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். உன் உடம்புல அது வரக் கூடாதுடி. என்னால பாக்க முடியாது."

டிரைவரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எதிரே நிற்கிறவளைப் பார்த்தால், ஊரையே ஏய்க்கிறவள் மாதிரியா இருந்தாள். சட்டையில் பட்ட கறையை எடுத்துவிட்டால் பட்டதே இல்லை என்று ஆகிவிடும் என்று நம்பி வாழ்ந்தவள். அந்த வித்தையை இங்கேயும் காட்டிப் பார்த்திருக்கிறாள்.

"குறி இல்லைன்னாலும் ஓட்டை உண்டு அண்ணி. என்ன, பெல்ட்டுக்கு அடியில வந்துடும். அப்புறம் நான் வீட்ல உக்காந்திருக்கணும். அதைப் பாக்க முடியுமா உங்களால?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முடியாது என்று தலையாட்டினாள்.

பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கி டிரைவரம்மா தானே இடுப்பில் கட்டிக்கொண்டாள். தள்ளுவண்டியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இந்தத் தரம் சிரிக்க யாரும் இல்லை. மார்க்கெட் வளைவு வரைக்கும் ஓட்டினாள். பிறகு கவுனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, காட்டுங்கள் என்றாள்.

நாத்தனார் அசையவில்லை. காட்டினால் அந்த ஓட்டைக்குத் தானே சம்மதம் கொடுத்ததாக ஆகும் அல்லவா. டாக்டர் வற்புறுத்தவில்லை. கடைசியில் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். வருஷக்கணக்காகக் கறை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்த விரல். விலாவிலிருந்து மெல்ல இறங்கி, ஒரு இடத்தில் நின்றது.

"இங்கதான்."

டாக்டர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தசையை அழுத்திப் பார்த்தார், குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார், பெல்ட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தார். நல்ல இடம் என்றார். நாத்தனார் அங்கிக்குள் கையை விட்டுத் தன் சலவைப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இதால போடுங்க டாக்டர். எந்தச் சோப்புக்கும் போகாது. நானே நினைச்சாலும் எடுக்க முடியாது."

எங்களிடம் பேனா இருக்கிறதம்மா என்று அதை மரியாதையாகத் திருப்பிக்கொடுத்துவிட்டு டாக்டர் வட்டம் போட்டார். அதற்கப்புறம்தான் டிரைவரம்மா படுத்தாள்.

கண் விழித்தபோது தொண்டையில் குழாய் எடுத்த எரிச்சல். உடம்பில் எந்தப் பக்கம் வலி, எந்தப் பக்கம் மருந்து என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது. நடுவில் மேலிருந்து கீழே நீளமாகக் கட்டு. இடதுபக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பை. விரலால் அளந்து பார்த்தாள். உயரத்தில்தான் இருந்தது. அந்த அரை மயக்கத்திலும் ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்தாயிற்று என்று பெரிய டாக்டர் வந்து சொன்னார். திரும்ப வராது என்று எழுதித்தர முடியாது, மிச்ச மருந்தையும் ஏற்றிக்கொண்டு, கூப்பிட்டபோதெல்லாம் வந்து காட்ட வேண்டும் என்றார். வந்து காட்டுகிறேன், பஸ்ஸிலேயே வருகிறேன் என்றாள்.

அடுத்த நாளே எழுப்பி நிறுத்திவிட்டார்கள். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது. வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமு என்றார்கள், இருமினாள், கண்ணில் பூச்சி பறந்தது. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க நடக்க வேண்டும் என்றார்கள். மருந்து தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு, மூத்திரக் குழாயின் பையை வீட்டுக்காரர் ஏந்திவர, லிஃப்ட் வரைக்கும் நடந்தாள். லிஃப்டின் சத்தத்தைப் பற்றி மனிதர் திரும்பவும் பேச ஆரம்பித்தார். அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு உலகம் பழையபடி சுழல்வதாகத் தோன்றியது.

ஆனால் குடல் அசையவில்லை. தினமும் வந்து பையைப் பார்ப்பார்கள், காது வைத்துக் கேட்பார்கள், காற்று வந்ததா என்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். குடல் விழிக்கும்வரை வாய்வழியாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது. டிரைவரம்மா சலிக்காமல் நடந்தாள். பக்கத்துக் கட்டில்காரி தூங்கும்போதும் நடந்தாள். ஒரு சாயங்காலம், வார்டே அமைதியாக இருந்தபோது, பையிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. நாத்தனார் திடுக்கிட்டு எழுந்துவிட்டாள். டிரைவரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் இழுத்தது, அழுதுகொண்டே சிரித்தாள். ஹாரன் வேலை செய்கிறது, இனி வண்டியை எடுக்கலாம் என்றாள்.

பை மாற்றச் சொல்லிக்கொடுக்க பை சிஸ்டர் வந்த அன்று நாத்தனார் வராந்தாவுக்கு நழுவப் பார்த்தாள். டிரைவரம்மா விடவில்லை. பையைக் கழற்றியதும் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு மெல்லத் திரும்பினாள். சிவப்பாக, ஈரமாக, சின்ன மொட்டு மாதிரி ஒன்று. அவ்வளவுதானா என்றாள். சுற்றியிருந்த தோலைத் துடைத்துவிட டிரைவரம்மா தடுமாறுவதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. துடைக்கிற லட்சணமா இது, கொண்டா இப்படி என்று துணியைப் பிடுங்கினாள். பை சிஸ்டர் நடுவில் புகுந்து, நோயாளியே செய்யட்டும், வெறும் தண்ணீர் போதும், ஸ்பிரிட் மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். குறியைத் துடைத்தெடுத்த கதை அவர் காதுக்கும் போயிருந்தது. நாத்தனார் துணியைத் திருப்பிக்கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் சுலபமாக ஒன்றும் இல்லை. மிச்ச மருந்து ஏறியது. சில நாள் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. ஒருதரம் கடைத்தெருவில் பை கசிந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தச் சட்டையை நாத்தனார் கேட்காமலே எடுத்துப்போய் வெளுத்துக் கொண்டுவந்து மாட்டினாள். மறுநாள் டிரைவரம்மா அதையே போட்டுக்கொண்டு அதே கடைத்தெருவுக்குப் போனாள்.

உடம்பு தேறி டிப்போவுக்குப் போனால், மேனேஜர் டிக்கெட் கவுண்டரில் உட்காரச் சொன்னார். நிழல், ஃபேன், பக்கத்திலேயே கழிவறை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஃபேனுக்காக நான் வயிற்றைக் கிழித்துக்கொள்ளவில்லை சார் என்றாள். டாக்டர் சான்று காட்டினாள், டிப்போ டாக்டரிடம் சோதனைக்குப் போனாள், காலி வண்டியில் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்து ஊரைச் சுற்றினாள். பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தது. பை அதற்கு மேலே, யார் தொந்தரவும் இல்லாமல் இருந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கும்போது, திருப்பத்தில் இன்னும் பழைய வேகம்தான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

முதல் நாள் காலை வண்டியைச் சுற்றிவந்தாள். டயரை உதைத்தாள், கண்ணாடியைத் துடைத்தாள். ஏறி உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி அந்த ஒன்றையும் ஒருதரம் பார்த்துக்கொண்டு, பெல்ட்டைப் போட்டாள்.

சலவைக்கடை ஸ்டாப்பில் யாரும் நிற்பது வழக்கமில்லை. அன்றைக்கு ஒரு உருவம் கையை நீட்டி நின்றது. கடையைப் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட உடையில், நாத்தனார். ஏறினாள், டிக்கெட் எடுத்தாள், டிரைவருக்கு நேர் பின்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரோட்டைப் பார்க்கவில்லை. எட்டி டிரைவரம்மாவின் மடியைப் பார்த்தாள்.

"பெல்ட் அழுத்தலையே?"

"அழுத்தலை அண்ணி. நீங்க விரல் வெச்ச இடம். உக்காருங்க, வண்டி எடுக்கணும்."